நூற்று இருபத்தெட்டாவது கட்டம்

பிச்சுமணி மட்டாஞ்சேரியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். சாலையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு வால்வு, அதைத் திருக நெஞ்சுயரத்தில் ஓர் இரும்புச் சாவி. காலை ஐந்தரைக்கு அரண்மனைச் சாலை. ஏழரைக்கு அதை மூடிவிட்டுச் செர்லாய். திறக்கப் பதினாறு சுற்று, மூடப் பதினாறு சுற்று. இருபத்தாறு வருடமாக அதே வேலை.

சனிக்கிழமை சாயங்காலம் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பார். பெட்டி பழையது, துருத்தியில் ஓட்டை. காற்றுப் பிடிக்க அங்கங்கே ஒரு கணம் நிறுத்துவார். கஞ்சிரா வாசித்த ஆறுச்சாமி குடிநீர் இலாகாவிலும் அவரோடு கூட வேலை பார்த்தவர். அந்த நிறுத்தங்கள் அவருக்கு மனப்பாடம். அங்கே அவரும் விரலைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

மகள் காமாக்ஷி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, எர்ணாகுளத்தில் வர்க்கி என்பவரின் பட்டறைக்குப் படகில் போய்வந்தாள். காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின்கள் செய்கிற இடம். உள்ளே இருப்பது வெளிநாட்டுப் பலகை, வெளியே மரப்பெட்டி. எண்பத்தைந்தில் வர்க்கிக்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்யும் ஆசை வந்தது. காயலில் ஒரு வள்ளம், எதிரே கப்பல்களும் மிதவைகளும், மோதாமல் போக வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். நிரலைக் காமாக்ஷி எழுதினாள். பின்னணி இசைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. மூன்றே குரல் உள்ள ஒரு சில்லுக்கு இசையமைப்பதா என்று கேட்டவர்கள் சிரித்தார்கள்.

“எங்கப்பா ஆர்மோனியம் வாசிப்பாரு,” என்றாள்.

வரைபடத் தாளில் வரிசைக்கு எட்டாகப் பதினாறு வரிசை கட்டம் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள். மொத்தம் நூற்று இருபத்தெட்டு. அதற்கு மேல் நினைவகத்தில் இடமில்லை. கட்டத்துக்கு ஒரு ஸ்வரம். அதை எண்ணாக மாற்றி நினைவகச் சில்லில் ஏற்றுவது அவள் பொறுப்பு. நிறுத்தம் வேண்டும் என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.

“பதினாறா? நம்ம வால்வு கணக்குதான்,” என்றார் பிச்சுமணி. “முடிவு எங்க வைக்கணும் காமு?”

“முடிவே கிடையாதுப்பா. கடைசிக் கட்டம் போனதும் திரும்பி முதல் கட்டம். ஆடுறவன் வள்ளம் முங்கற வரைக்கும் ஓடிட்டே இருக்கணும்.”

“முங்கினா?”

“அதுக்குத் தனியா ஒரு ட்யூன் வேணும்னு வர்க்கி சேட்டன் சொல்றாரு.”

“முங்கினவனுக்கு என்னடீ ட்யூன்? அந்த இடத்துல நிறுத்து, போதும்.”

வர்க்கி முதலில் முகம் சுளித்தார். கேட்டுப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்.

ஆனால் முடிக்காமல் விடுவது பிச்சுமணிக்கு வரவில்லை. சுற்றுக்கு ஒரு வரிசை என்று வால்வைத் திருகிக்கொண்டே மெட்டை முனகிப் பார்ப்பார். சாயங்காலம் பெட்டியில் வாசித்து, பென்சிலால் கட்டங்களை நிரப்புவார். நடை நன்றாக இருக்கும். கடைசி வரிசைக்கு வந்ததும் கை தானாக மேலே ஏறி, நீளமாக ஒரு ‘ச’ பிடித்து நின்றுவிடும். முப்பது வருடம் பஜனையை முடித்துவைத்த கை அது. மெஷினில் ஏற்றினால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டு நின்று, மறுபடி புறப்பட்டது.

“காமாக்ஷி,” என்றார் வர்க்கி, “அச்சனோட வள்ளம் ஓரோ ஜெட்டியிலும் அடுக்குந்நுண்டல்லோ. ஆள் ஏறானுண்டோ?”

அப்பாவின் வள்ளம் ஒவ்வொரு ஜெட்டியிலும் ஒதுங்குகிறதே, ஆள் ஏற வேண்டியிருக்கிறதா என்று அவர் கேட்டதை அவள் வீட்டில் வந்து சொன்னாள். பிச்சுமணி இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு ரப்பரை எடுத்துக் கடைசி வரிசையை அழித்தார். மூன்று வாரத்தில் ஐந்து முறை அழித்தார். தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிற்று.

“முடியக் கூடாதுப்பா. எத்தனை வாட்டி சொல்றது?”

“கேட்டாச்சு. கத்தாதே.”

ஒரு புதன்கிழமை காலை அரண்மனைச் சாலை வால்வை மூடிவிட்டு, குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம். வயது ஐம்பத்து மூன்று. ஆறுச்சாமிதான் சட்டையையும் சாவியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் இருந்தது.

பதினைந்து வரிசையும் நிரம்பியிருந்தன. பதினாறாவதில் ஏழு கட்டம். கடைசியாக எழுதியது ‘நி’. அதற்கு அடுத்த கட்டம் காலி.

பதினேழாம் நாள் காமாக்ஷி வேலைக்குப் போனாள். முதலாவது மெஷின் அடுத்த வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி ஜெட்டிச் சாயாக்கடைக்குப் போக வேண்டும். அப்பாவின் வாசிப்பை யாரும் ஒலிநாடாவில் பிடித்து வைத்ததில்லை. அவருடையது என்று இனிமேல் உலகத்தில் கேட்கப்போவது இந்த அரை நிமிடம் மட்டும்தான். அதை அரைகுறையாக விட அவளுக்கு மனம் வரவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் அவளே ‘ச’ என்று எழுதினாள். அப்பா எப்போதும் போய் நிற்கும் இடம் அதுதானே. எண்களைச் சில்லில் ஏற்றினாள். அன்றுதான் முதல்முறையாக அழுதாள்.

சாயாக்கடையில் மெஷினை நிறுத்தி, மின்சாரம் கொடுத்தார்கள். ஆறுச்சாமி சாயாக் கிளாஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெஞ்சில் விரலால் தாளம் போட்டார். முதல் சுற்று முடிந்து பாட்டு திரும்பியபோது விரல் தடுமாறியது. இரண்டாவது சுற்றிலும் அதே இடத்தில் தடுமாறியது.

“மோளே, கடைசீல என்ன வச்சிருக்கே?”

“ச.”

“தொடக்கமும் ச தானே? ரெண்டு ச சேர்ந்து வந்து முட்டுதே. அவன் வச்சதா இது?”

“அந்தக் கட்டம் காலியா இருந்தது மாமா. எழுதறதுக்கு முன்னாடியே...”

ஆறுச்சாமி கிளாஸைக் கீழே வைத்தார்.

“போறதுக்கு முந்தின நாள், செவ்வாக்கிழமை சாயங்காலம், எழுதித் தீர்ந்தாச்சுன்னு எங்கிட்ட வாசிச்சுக் காட்டினான். நி வரைக்கும் வந்தான், நிறுத்தினான், காத்துப் பிடிச்சான், திரும்பத் தொடங்கினான். பத்துத் தடவை கேட்டேன். போதும்டா, செவி வலிக்குதுன்னேன். ‘எம்பொண்ணு முடிக்கக் கூடாதுன்னிருக்கா. இனி நான் முடிச்சா என்னைக் கொன்னுருவா’ன்னு சிரிச்சான்.”

காமாக்ஷி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் மூடின வால்வை நீ பார்த்ததில்ல மோளே. கடைசிவரைக்கும் முறுக்கிட்டுக் கால் சுத்து திருப்பி விட்டு வைப்பான். இல்லேன்னா பிடிச்சுக்கும், மறுநாள் திறக்க வராது. அவன் போன மறுநாள் நான்தானே போய்த் திறந்தேன், அந்தக் கால் சுத்து இருந்தது.”

அவள் மெஷினை அணைத்தாள். பின்பக்கப் பலகையைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிச் சில்லை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் படகேறினாள்.

அந்தச் சில்லின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன்மேல் ஒட்டிய தாளைப் பிய்த்து, புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம் வைத்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். ஒரு கட்டத்தை மட்டும் அழிக்க வழியில்லை. தன்னுடைய ஒரு ஸ்வரம் அழிய வேண்டுமானால் அப்பாவுடைய மற்றதெல்லாமும் அழிய வேண்டும். தாள் கையில் இருக்கிறது, திரும்ப ஏற்றிவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பட்டறையில் விளக்கின் மூடியைச் சாத்தக் கை கொஞ்ச நேரம் வரவில்லை.

இருபது நிமிடம் கழித்துச் சில்லைப் படித்துப் பார்த்தாள். எல்லாம் வெற்று. எழுதாத இடத்தை மௌனமாக எடுத்துக்கொள்ளும்படி நிரலை அவள்தான் அமைத்திருந்தாள். தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக நூற்று இருபத்தேழு கட்டத்தையும் ஏற்றினாள். கடைசி இடத்தை எழுதாமல் விட்டாள்.

மறுநாள் காலை சாயாக்கடையில் சில்லைத் திரும்பப் பொருத்தியதும், ஆறுச்சாமி பெஞ்சில் விரல் தட்டினார். ‘நி’ வந்தது. விரல் மேலேயே நின்றது. பிறகு முதல் கட்டத்து ‘ச’வில் இறங்கியது.

“ம்,” என்றார்.

ஆடிக்கொண்டிருந்த லோடுத் தொழிலாளியின் வள்ளம் மிதவையில் மோதி முங்கியது. பாட்டு பாதியில் நின்றது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மடியைத் தடவி இன்னொரு காசைப் போட்டார்.

எர்ணாகுளம் படகு மணியடித்தது. காமாக்ஷி போய் ஏறிக்கொண்டாள். எஞ்சின் சத்தத்தில் மறையும்வரை பாட்டு கேட்டது. மறைந்தபோது அது நாற்பதாவது கட்டத்தில் இருந்தது.