கண்ணம்மாவின் அழுகைக்கு முதலிடம்

மெட்ராஸ் பாடியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் மாட்டி வரதன் செத்தது தொண்ணூற்று நாலில். நெமிலிச்சேரி வீட்டில் உடலைக் கிடத்தியதும் அவன் பெண்டாட்டி கண்ணம்மாவுக்கு மாரடித்து அழத் தோன்றவில்லை. தினமும் விடிகாலையில் எழுப்புவதுபோல அவன் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள். "ஏந்திரி வரதா, ஷிப்டுக்கு டைமாச்சு." புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று அதுவரை மாமியாருக்கு ஆயிரம் குறை. அன்றைக்கு அவளே மகனின் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சாவுக்கு கானா பாட வந்த துலுக்கானம், வழக்கப்படி அந்த வீட்டு அழுகையிலிருந்தே அடி எடுத்தான். அவள் கத்திய வரியைத் திரும்பத் திரும்ப வைத்துப் பாட்டுக் கட்டினான். யாரோ அதை டேப்பில் பிடித்தார்கள். வரமுடியாமல் போன சொந்தக்காரர்கள் கேட்கட்டும் என்று, கண்ணம்மாவே கேசட்டை ரெக்கார்டிங் கடையில் கொடுத்துக் காப்பி போடச் சொன்னாள். அதுதான் குடியைக் கெடுத்தது. கடைக்காரன் தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு, கேசட் கம்பெனி ஒன்றிடம் தள்ளிவிட்டான்.

மறுவருஷம் அது 'ராப்' என்று வந்தது. தொப்பியைத் திருப்பிப் போட்ட பட்டணத்துப் பையன் ஒருத்தன், தூங்குமூஞ்சி ஒருவனைக் கிண்டலடித்து மூச்சுவிடாமல் வார்த்தைகளைக் கொட்டினான். நடுநடுவே அதே வரி. டிவியில் வாராவாரம் அதற்குத்தான் முதலிடம். 'உழைக்கும் மக்களின் துள்ளல்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதித் தள்ளினார்கள். துள்ளலாம், துள்ளல்! இவர்கள் வீட்டில் இழவு விழுந்தால் தெரியும்.

மெட்டு ஹிட்டானால் சும்மா விடுவார்களா? பக்திக் கேசட்டில் அதே மெட்டில் பெருமாளை எழுப்பினார்கள். எலெக்‌ஷன் ஆட்டோவில் வாக்காளனை எழுப்பினார்கள். கல்யாண ஊர்வல பேண்டு வாத்தியத்தையும் விட்டுவைக்கவில்லை. அம்பத்தூரில் கண்ணம்மா பேக்கிங் வேலை பார்த்த கம்பெனியில், சூப்பர்வைசர் அந்த வரியைப் பாடித்தான் பெண்களை விரட்டினான். அவன் வாயில் கொள்ளிக்கட்டையைச் சொருகலாம் போலிருந்தது அவளுக்கு.

துலுக்கானம் வந்து நின்றான். "சத்தியமா நான் குடுக்கலக்கா."

"நீ குடுத்தேன்னு இப்ப யார்டா சொன்னா? அது எங்க ஊட்டு சாவு. அத்த நிறுத்த எதுனா வழி கீதா, அத்த சொல்லு."



தொண்ணூற்றாறில் ஊர்க் கோயில் ஆடித் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. குழுவினர் அந்தப் பாட்டை எடுத்ததுமே கண்ணம்மா விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள். ஆட வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"நிறுத்துங்கடா! எம் புருசன் செத்தன்னிக்கு அவன் பொணத்தாண்ட நான் கத்துனதுடா இது. இதுக்காடா ஆடுறீங்க?"

வாத்தியம் நின்றது. அவள் அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் இவர்களுக்குப் புரியவேண்டுமே என்று, அன்றைக்குக் கூப்பிட்டது போலவே கூப்பிட்டுக் காட்டினாள். "ஏந்திரி வரதா..."

முன்வரிசைப் பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு விசில் கிளம்பியது. "ஒன்ஸ்மோர்!" என்று ஒருத்தன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

கண்ணம்மா குனிந்து செருப்பைக் கழற்றினாள்.