ஐந்தாம் அடியில் ஒரு மூச்சு

டோலக்கை வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்மஸ் பவனிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அப்போது சர்ச் மணி அடித்தது. விட்டுவிட்டு, ஒற்றை ஒற்றையாக. ஆராதனைக்கு அடிக்கிற மணி அப்படி அடிக்காது, சாவுக்குத்தான் அப்படி. யாரென்று கேட்க நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பவனியில் எங்களோடு பாடும் செல்வம் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தான்.

"தாத்தா, மாசிலாமணி அண்ணன் போயிட்டாரு."

எனக்கு இந்தச் சேதி மூன்று வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பவனிக் குழுவில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவதற்காக, நான் சொல்லச் சொல்ல மாசிலாமணியின் மனைவி எஸ்தர் எழுதுகிறாள். எழுத்து இல்லாதவனுக்குக் கேட்டதெல்லாம் காதிலேயே தங்கிவிடும். அவனோடு போன இருபது கிறிஸ்மஸும் அப்படியே இருக்கின்றன. என்னைவிட மிகவும் இளையவன், அதனால் அவன் என்றே சொல்கிறேன். அவனோடு பாடிய நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரகடத்தில் இரும்பு வார்க்கும் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் வாடகை ரூமில் இருந்தான். பவனிக்கு டோலக் அடிக்க ஆள் கிடைக்காத வருஷம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நான் வல்லக்கோட்டை முருகனுக்கு அடிக்கிற ஆளுப்பா. உங்க பாட்டு இன்னான்னே தெரியாது" என்றேன்.

"தாளத்துக்கு ஞானஸ்நானம் கிடையாது அண்ணாச்சி. வாரும்" என்றான்.

போனேன். அதற்குப்பிறகு மார்கழிக் குளிர் வந்தாலே என் விரல்கள் தானாகத் துடிக்க ஆரம்பித்தன. வாசலுக்கு வாசல் காகித நட்சத்திரம், உள்ளே கேக் வாசனை, பின்னால் ஓடிவரும் பிள்ளைகள். நன்றாகத்தான் இருந்தது. லீவு கிடைக்காமல் ரூமிலேயே கிடக்கும் தென்மாவட்டப் பையன்களின் வாசலில் அவன் கூடுதலாக ஒரு பாட்டுப் பாடுவான். "கேக்கு இருக்கிற வீட்டுக்கு நாம எதுக்கு? அம்மையைப் பாக்காதவனுக்குத்தான் பாட்டு வேணும்" என்பான்.

அவனே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. மேய்ப்பர்கள் வழி கேட்டு வருவதுபோல, சின்னச் சின்னதாக ஆறு அடி. ஆறையும் ஒரே மூச்சில் பாடுவான். முடித்தபிறகுதான் நெஞ்சு ஏறி இறங்கும். சனங்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

அவன் வேலை, வார்ப்பு இரும்பில் ஒட்டிய மணலை உடைத்து எடுப்பது. பவனிக்கு ஷிப்ட் முடிந்து நேராக வருவான். புருவத்தில், காது மடிப்பில் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். "மாமனுக்குக் கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்துக்குப் பஞ்சே வாணாம்டா!" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவனும் சிரிப்பான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஐந்தாம் அடியில் ஒரு மூச்சு எடுத்தான். மற்றவர்களுக்குத் தெரியவில்லை. தாளம் பிடிக்கிறவனுக்குத் தெரியும், கையில் ஒரு பள்ளம் தட்டும். அடுத்த வருஷம் அந்தப் பள்ளம் நாலாம் அடிக்கு வந்தது. ஒத்திகையில் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நாலாம் அடி முடிஞ்சதும் கொஞ்சம் உருட்டி அடியும்."

"ஏன்யா?"

"மூச்சு வாங்கிக்கிடத்தான். வெளிய சொல்லிராதேயும். தெரிஞ்சா கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டானுவ."

உருட்டினேன். அவன் தலையைத் திருப்பி மூச்சு வாங்கிக்கொண்டான். சனங்கள் கை தட்டினார்கள். "பெருசு இந்த வருஷம் கலக்குது" என்றார்கள். வெட்கத்தைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

போன கிறிஸ்மஸுக்கு இரண்டாம் அடியிலேயே உருட்ட வேண்டியிருந்தது. பாட்டைவிட உருட்டல் நீண்டது. கடைசி வீட்டில் அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மூச்சு வாங்கிய வேகத்தில் அந்தக் கேட்டின் கம்பி கிலுகிலுவென்று சத்தம் போட்டது. அதன்மேலும் உருட்டினேன், கம்பிச் சத்தம் யாருக்கும் கேட்காதபடி.

மறுநாள் சர்ச் வாசலில் எஸ்தர் என்னைக் கேட்டாள்: "மாமா, வூட்டுல அவருக்கு ரொம்ப மூச்சு வாங்குது. கேட்டா பனின்றாரு. பாடறப்ப எப்டிக் கீறாரு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. குயிலாட்டம் பாடறான்" என்றேன்.

இப்போது இதை எழுதச் சொன்னதும் எஸ்தரின் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். "எழுதிட்டேன். மேல சொல்லுங்க" என்றாள். எப்போதும் கூடவே வரும் 'மாமா' என்ற வார்த்தை இந்த முறை வரவில்லை.

மேலே சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அவனுக்காக இந்த வருஷமும் பவனி போக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். அவன் பாட்டைச் செல்வம் பாடுவதாக ஏற்பாடு. செல்வமும் அதே பிரிவில்தான் மணல் உடைக்கிறான். நேற்று ஒத்திகையில் நன்றாகத்தான் எடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாம் அடியில் என் கையில் பள்ளம் தட்டியது.

பழக்கத்தில் விரல்கள் உருட்டப் போயின. கையைத் தூக்கிவிட்டேன். டோலக் நின்ற இடத்தில் அவன் மூச்சு இழுத்த சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள்.

"இன்னா தாத்தா, தாளம் வுட்டுட்ட?" என்று செல்வம் சிரித்தான். "பனி தாத்தா, வேற ஒண்ணுமில்ல."

"அவனும் பனின்னுதான்டா சொன்னான், அந்த மணல் தூசிதான் அவன் மூச்சை அடைச்சுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி நெஞ்சைப் படம் எடுத்துக்கினு வா. அதுவரைக்கும் உனுக்கு நான் அடிக்க மாட்டேன்" என்றேன்.

மாசிலாமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான்: ஆறு அடிப் பாட்டு, அதில் எந்த வருஷம் எந்த அடியில் மூச்சு விழுந்தது என்ற நினைவு. இனி எங்கள் பவனியில் யாருக்கு மூச்சு விழுந்தாலும் அந்த இடத்தில் டோலக் அடிக்காது. ஊருக்கே கேட்கட்டும்.