சிமெண்டுக்காரர் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்

எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் ஓதம் ஏறியதற்கு என் கணவர்தான் காரணம். இதை அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன்.

அரியலூரில் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறவர். வீடு என் அப்பா எனக்கு விட்டுப்போனது. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் வீடு. பல வருடங்களுக்கு முன் சுவர் லேசாகப் பொரிந்ததும், ஆலைக்காரன் வீடு இப்படியா இருக்கும் என்று நாலு பேர் சிரிப்பார்களென்று, மேலே சிமெண்டை அப்பிவிட்டார். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் போயிற்று. உப்புப் பூத்து, செங்கல் மாவாய் உதிர ஆரம்பித்தது.

போன கோடையில் தீர்ப்பும் அவரே சொன்னார்.

“வீட்டையே இடிச்சிட்டுப் புதுசா எழுப்பிடுவோம்.”

“இடிக்க விடமாட்டேன். சுண்ணாம்புலயே நான் சரி பண்றேன்.”

“கொல்லன் தெருவுலயா ஊசி விக்கப் போற? சரி, பண்ணு. ஐப்பசி மழைக்கு அந்தச் சுவரு காஞ்சு நிக்கணும். இல்லன்னா தையில இடிக்கிற மெஷின் வந்துடும்.”

பழமை மேல் எனக்கு எந்த மோகமும் கிடையாது. அந்தக் காலத்துக் கலவை மாதிரி கடுக்காய், கருப்பட்டியெல்லாம் போடுவீர்களா என்று கேட்டவர்களிடம், சுவருக்கென்ன பலகாரமா சுடுகிறேன் என்றேன். எனக்கு வேண்டியது காய்ந்த சுவர். அதோடு, என் வீட்டை இடிப்பதா வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வாசலில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகின்றன. நானோ சுட்ட சுண்ணாம்பு இரண்டு மூட்டைக்கு டவுன் முழுக்க அலைந்தேன். கொத்தனார், “அது நமக்கு ஆவாதும்மா” என்று கையை விரித்துவிட்டார். உளியையும் சுத்தியலையும் எடுத்து நானே சிமெண்டை உரித்தேன். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, இரண்டு வாரம் ஊறவிட்டு, மணலும் செங்கல் தூளும் கலந்து கல்லிடுக்குகளில் அடைத்தேன்.

மூன்றாம் நாள் எல்லாம் பொடியாகக் கொட்டியது. செங்கலை நனைக்காமல் அடைத்திருக்கிறேன். காய்ந்த கல் கலவையின் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டது. அவர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ரசம் ஊற்றாமலே எழுந்து போனேன்.

மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். முந்தின நாளே சுவரை நனைத்தேன். அடைத்த இடத்தில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, பத்து நாள் காயாமல் பார்த்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது. அதற்காக நிறுத்துகிற ஆள் நானில்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்தவர், நேராக மேற்கு அறைக்குப் போய்ச் சுவரைத் தடவினார். குனிந்து அடியில் தேடினார், மூலையில் தேடினார். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

“இந்த வருஷம் மழை கம்மி,” என்றார். முழங்கால் வரை நனைந்த பேண்டோடு நின்றுகொண்டுதான் சொன்னார்.

வடக்குச் சுவரிலும் அவர் அப்பிய சிமெண்டு இருக்கிறது. உளியையும் சுத்தியலையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

“அது நீங்க பூசுனது. நீங்களே உரிங்க.”