ஆஸ்டின் ஏரியில் சொன்ன வார்த்தை

எனக்கும் சம்பந்திக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. போன வருடம் இருவரும் ஒரே சமயத்தில் டெக்சஸ் மாநிலத்தின் கேட்டி நகருக்கு, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை எங்களை மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குக் கூட்டிப்போனார். சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கும்போதே எங்களுக்குள் நாலு சண்டை. பிறகு ஏரியில் மகளும் மாப்பிள்ளையும் ஒரு படகில் ஏற, நாங்கள் இருவரும் இன்னொன்றில் ஏறினோம்.

ஆளுக்கொரு திசையில் துடுப்புப் போட்டதில் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது.

"புரொபசர், நீங்க தண்ணிய எறைக்கறீங்க, நாந்தான் ஓட்டறனுங்க," என்றார் சம்பந்தி. "எம் பையன் சம்பாத்தியத்துலதான் உங்க பொண்ணு சாப்பிடுது. இப்ப நீங்களும் ஊர் சுத்தறீங்க."

எனக்குச் சுருக்கென்றது.

"எந்தச் சம்பாத்தியம்? உங்க பையனுக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு இருக்கார்."

மகள் என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்ன விஷயம் அது. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

சம்பந்தி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். "நெசமாங்களா?" என்றார். கரை வரை நான்தான் துடுப்புப் போட்டேன்.

கரையில் மாப்பிள்ளை சிரித்த முகத்துடன் காத்திருந்தார். "அப்பா, நல்ல ஹோட்டலா பார்த்து சாப்பிடலாமா?"

"ஓட்டல் எதுக்குச் சாமி, வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கிக்கலாம்," என்றார் சம்பந்தி.

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. அவர் என் மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் ஊர் திரும்பிய பிறகு, இப்போதும் மகள் வாரம் தவறாமல் போன் செய்கிறாள். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள். தன்னைப் பற்றி மட்டும் எதுவும் சொல்வதில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை.