பக்கத்து இருக்கையின் பிரேக்

தெருவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை வார்டில் பல வருடங்கள் ராத்திரி டியூட்டி பார்த்தவள். எவ்வளவு மோசமான புண்ணையும் முகம் சுளிக்காமல் கழுவிக் கட்டுவாள். ஊசியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டும் ஆம்பிளைகளை ஒரே அதட்டலில் அடக்கிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கார் சாவியைக் கையில் எடுத்தால் உள்ளங்கை வேர்த்தது. தைரியம் என்பது ஓர் ஆளிடம் மொத்தமாக இருக்கும் சரக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு காரியத்துக்கும் அதைத் தனித்தனியாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

அவள் லைசென்ஸ் எடுத்ததே வேலைக்காகத்தான். ஊரின் மறுகோடியில் இருந்த சுகாதார நிலையத்தில், வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் வேலை காலியானது. பகல் வேலை. காரை நிலையமே கொடுக்கும். ஓட்டத் தெரிந்தால் போதும். இனி மற்றவர்கள் தூங்கும்போது தானும் தூங்கலாம் என்ற நினைப்பே அவளுக்குப் பெரிய பதவி உயர்வாக இருந்தது.

"திங்கட்கிழமை வந்து சாவிய வாங்கிக்குங்க" என்றார் தலைமை நர்ஸ். வாசல் வரை வந்தவளைத் திரும்பக் கூப்பிட்டு, "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நம்ம வண்டியில வெளியாள் யாரும் ஏறக் கூடாது. புருஷனா இருந்தாலும் சரி" என்றார்.

சிக்கலே அதுதான். பக்கத்தில் ஆள் இல்லாமல் அவள் ஒரு தெருகூட ஓட்டியதில்லை. திங்கட்கிழமைக்குள் தனியாக ஓட்டாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அவள் மறுபடி ராத்திரி வார்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

வினை பயிற்சிப் பள்ளியிலேயே ஆரம்பித்திருந்தது. அந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சொல்லிக்கொடுத்த அம்மாள் அதை மிதித்தது அபூர்வம். பாதி நேரம் வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். ஆனாலும் அவர் மிதிக்க முடியும் என்பதே இவளுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தத் தெம்பில்தான் தேர்விலும் தேறினாள். கணவரின் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து பழைய பச்சை நிறக் கார் ஒன்றை வாங்கினார்கள். முதல் நாள் அதில் ஏறியதும் அவள் குனிந்து பக்கத்து இருக்கைக்குக் கீழே பார்த்தாள். வெறும் மிதியடிதான் கிடந்தது.

"இதுல பிரேக் இல்லையே."

"உன் காலுக்குக் கீழ பாரு, இருக்கும்" என்றார் கணவர்.

"அது எனக்குத் தெரியாதா? உங்க பக்கம் இல்லையேன்னு சொல்றேன்."

"எனக்கு எதுக்குடி? எனக்குத்தான் ஓட்டவே தெரியாதே!"

அவர் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தார். சைக்கிளைத் தாண்டி எந்த வாகனத்தையும் தொட்டதில்லை. இருந்தும் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தெருமுனை வந்தால் அவள் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, "போலாமா?" என்று கேட்பாள். அவர் "ம்" என்பார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். பிரேக் இல்லாத இடத்தில் ஒரு "ம்" உட்கார்ந்துகொண்டது.

தினமும் காலையில் அவர் கடை திறப்பதற்கு முன்னால் இந்தச் சவாரி நடந்தது. அவர் புதிதாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். வெயில் கூசுகிறதாம். மழை தூறிய நாளிலும் அதைக் கழற்றவில்லை. கல்லூரிக்குப் போக வேண்டிய மகள் பின்னால் ஏறிக்கொண்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"அப்பா, படப்பிடிப்பு எங்கப்பா?"

"சும்மா வா."

"அம்மா, ஒரு ஆளு நடந்தே நம்மள முந்திப் போறாரும்மா. கையில குழந்தை வேற."

"இறங்கி நீயும் நட. சீக்கிரம் போய்ச் சேருவ" என்பாள் இவள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே.

மகளின் கேலியையும் மீறி விஷயம் முன்னேறியது. இறக்கத்தில் வண்டி இவள் சொன்னபடி கேட்டது. சந்தை நாளன்று தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஒன்றையும் உரசாமல் வெளியே வந்தாள். நன்றாக ஓட்டினாள் என்று சொல்ல முடியாது, சரியாக ஓட்டினாள். ஆனால் அந்தப் பெருமையை எல்லாம் அவள் கணவரின் கணக்கில்தான் வரவு வைத்தாள். "அவரு ஒரு தடவகூடத் தப்பாச் சொன்னதில்ல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். அவரும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் சாவி வாங்க வேண்டும். மகள் போர்வையை விட்டு எழவில்லை. கடைசியாக ஒரு சுற்று என்று இவர்கள் இருவர் மட்டும் கிளம்பினார்கள். மரக்கடையைத் தாண்டி, பெரிய சாலையில் சேரும் முனையில் அவள் நிறுத்தினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். காலியாக இருந்தது.

"போலாமா?"

"ம்."

கால் ஆக்சிலேட்டரைத் தொட்டது. வண்டி ஓர் அடி நகர்ந்திருக்கும். வளைவிலிருந்து ஒரு மணல் லாரி தலையை நீட்டியது. அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது. லாரி காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது.

"இவ்ளோ பெரிய லாரி வருது, ம்ங்கறீங்க?"

"லாரியா? எங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். குலுக்கலில் கறுப்புக் கண்ணாடி அவர் மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேலே இரண்டு கண்களும், சோப்பு நுரை உள்ளே போய்விடுமோ என்று பயப்படுகிற பிள்ளையைப் போல, இறுக மூடியிருந்தன.

"கண்ணத் திறங்க."

ஒன்றைத் திறந்தார்.

"எப்பலேருந்து இப்படி?"

"எது?"

"எப்பலேருந்துன்னு கேக்கறேன்!"

"முதல் நாளே மூடிட்டேன்" என்றார் அவர். "நீ கேக்கறப்ப ம் சொன்னா உனக்கு நிம்மதியா இருந்துச்சு. எனக்கும் கண்ண மூடினா நிம்மதியா இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

"தினம் பத்துப் பேரு கழுத்துல கத்தி வெக்கறவரு நீங்க! காருல உக்காரப் பயமா?"

"கத்தி என் கையில இருக்கே. எனக்கு என்ன பயம்? அந்த நாற்காலியில உக்காந்திருக்கறவன்தான் கண்ண மூடிக்குவான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் திட்டு வருவதற்குள் வேறொன்று மனதில் வந்து நின்றது. சந்தை நாள், இறக்கம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்து நெரிசல், இத்தனை முனைகளிலும் பார்த்தது யார்? இவர் பார்க்கவில்லை. அவள் பார்த்து, காலி என்று தெரிந்த பிறகுதான் "போலாமா" என்றே கேட்டிருக்கிறாள். இப்போதும் லாரியைக் கண்டது அவள் கண். நிறுத்தியது அவள் கால். "ம்" என்பது எல்லாம் முடிந்த பிறகு அடித்த வெறும் முத்திரை.

தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று அவர் பயந்து இரண்டாவது கண்ணையும் திறந்தார். அவள் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றி பட்டு ஹாரன் ஒலித்தது. மரக்கடைக் காவலாளி எட்டிப் பார்த்தார். அதைப் பார்த்துக் கணவருக்கும் சிரிப்பு பீறிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள், "இறங்குங்க" என்றாள்.

"இங்கயா? கடையில ஆளுங்க காத்திட்டிருப்பாங்கடி. ஞாயித்துக்கிழமை!"

"நடந்து போங்க. கண்ணத் திறந்து வெச்சுக்கிட்டு நடங்க."

அவர் இறங்கி, கதவைச் சாத்தி, குனிந்து ஏதோ சொல்ல வந்தார். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் பெரிய சாலையில் சேர்ந்தாள். வண்டிக்குள் இவ்வளவு இடம் இருந்தது அவளுக்கு அதுவரை தெரியாது. ரவுண்டானாவை ஒரு முறை சுற்றினாள். வெளியேற வேண்டிய வழி வந்தும் விட்டுவிட்டு இன்னொரு முறை சுற்றினாள். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, பிடித்திருந்தது. திரும்பும்போது எதிர்ப்பக்கம் வேகுவேகென்று நடந்துகொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். அவர் கையைக் காட்டினார். அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் நிலையத்தின் வெள்ளைக் காரில் முதல் வீட்டுக்குப் போனாள். குறுகலான சந்து. சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண்ணோடு இருந்த பெரியம்மா ஒருவர், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா சிஸ்டர். டிரைவர் தம்பியையும் உள்ள வரச் சொல்லு. வெயில்ல எதுக்கு வெளிய நிக்கணும்?"

"டிரைவர் நான்தாம்மா. உள்ளதான் நிக்கறேன்."

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

"அப்ப நீயே கேட்டுக்கோ. வண்டிய வாசலுக்குக் குறுக்கால விட்டிருக்க. என் பேரன் சைக்கிள எப்படி வெளிய எடுப்பான்?"

"இதோ, தள்ளி விட்டுட்டு வந்துடறேன்" என்று மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். பின்னால் பார்த்து வண்டியை எடுத்தாள். சுவர் நெருங்கியது, நிறுத்தினாள். முதல் முறை சரியாக வரவில்லை. அவசரப்படாமல் முன்னால் விட்டு மறுபடியும் பின்னால் எடுத்தாள். இரண்டாவது முறை வந்தது.