அப்பாவின் துண்டு

சந்தாபுரா அபார்ட்மெண்டில் அக்கா மகள் கூடைப்பந்தைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டாலே எனக்கு ஸ்ரீராம்புரத்து எரிச்சல் திரும்பிவிடும்.

சின்ன வயதில் அங்கே எங்கள் சந்தில் விடிந்ததும் அக்கா எழுப்பிய சத்தம் அது. அப்பா பீடி நாறும் துண்டைத் தோளில் உதறிப் போட்டபடி, "நீ என்ன ஆம்பளப் புள்ளயாடி?" என்று அவளைப் பார்த்துக் கத்துவார்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரிப் பெண்களுக்கான போட்டியின் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் ஃப்ரீ த்ரோ போட அக்கா கோட்டருகே நின்றாள். அப்போதுதான் வந்து சேர்ந்த அப்பா, அவளை அரைக்கால் சட்டையில் பார்த்ததும் விறுவிறுவென்று ஆடுகளத்துக்குள் போய்த் துண்டை அவள் இடுப்பில் சுற்றினார்.

"எல்லாரும் பாக்குறாங்க, நட வீட்டுக்கு!"

நடுவர் விசில் ஊதினார். கூட்டம் சிரித்தது. அக்கா துண்டோடு நின்றே பந்தை எறிந்தாள், வளையத்துக்குள் விழுந்தது. பிறகு அப்பா பின்னால் போனாள். அதற்குப்பின் பந்தைத் தொடவே இல்லை.

இன்று அதே அப்பா முட்டி தெரியும் அரை டிராயரில் உட்கார்ந்து, பேத்தியைப் பார்த்து, "என் ரத்தம்!" என்று கை தட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை உருவி மடியில் எறிந்தேன்.

"இடுப்புல சுத்திக்கங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."