பாஸ் ஆகாத சிவப்பு

ஒரு கையில் டீ டம்ளர், மறு கை முதுகுக்குப் பின்னால். இடுப்பை வளைத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் வண்டியின் பின்பக்க வளைவை அளந்துகொண்டிருக்கிறார் ஆரோக்கியராஜ். டம்ளரைத் தரையில் வைக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் ரோலை எடுத்து, நக அளவில் ஒரு மஞ்சள் அம்பை உரித்து ஒட்டுகிறார். அம்பின் முனை காட்டுகிற இடத்தில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது.

“பாத்தீங்களா?” என்பார், பால் பாக்கெட்டோடு தெருவில் போகிறவரை நிறுத்தி.

“ஒண்ணும் தெரியலீங்களே.”

“தெரியாதுங்க. அதான் பிரச்சினையே.”

ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் அவர் ஃபைனல் செக்கிங் மேனேஜர். துணி பெட்டிக்குள் போகும் முன் கடைசியாக அதைப் பார்க்கிற கண் அவருடையது. நூல் விட்ட இடம், எண்ணெய்ப் பொட்டு, கோணல் தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு அம்பு விழும். கம்பெனியில் சிவப்பு அம்பு. சிவப்பு வண்டியில் அது எடுபடாது என்பதால் வீட்டுக்கென்று தனியாக மஞ்சள் ரோல். இளவயதில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து திருப்பூர் ராயபுரத்தில் குடியேறியவர். வெளியில் ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் கொங்குத் தமிழ் பேசுவார். வீட்டுக்குள் வந்தாலோ, கோபம் வந்தாலோ தூத்துக்குடிக்குப் போய்விடுவார்.

வண்டி பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேல் தகரம் கிடையாது. மழை வந்தால் துணிக் கூரையை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஆர்டர் கொழித்த காலத்தில் கம்பெனி முதலாளி ஆசைப்பட்டு வாங்கியது. ஆசை தீர்ந்ததும் குடோனில் வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு அடியில் வருடக்கணக்கில் கிடந்தது. குடோனைக் காலி செய்த அன்று, “வேணும்னா எடுத்துக்கங்க, ஆரோக்கியம்” என்றார் முதலாளி. உள்ளே எலிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. வயரையெல்லாம் தின்றுவிட்டு, கூடு மட்டும் முழுக்க முழுக்க எக்ஸ்போர்ட் குவாலிட்டித் துணியில் கட்டியிருந்தன.

“எலிக்குக்கூட நல்ல துணி தெரியுதுங்க,” என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்.

போர்ட்டிகோவில் வண்டி வந்து நின்று நாலு வருடம் ஆகிறது. ஞாயிறு தோறும் கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். விரிசல் கண்ட இடங்களுக்கு மனைவி நிர்மலாவின் இட்லிக் குண்டாவில் பசை கலக்கினார். அதன் பிறகு அந்தக் குண்டாவில் இட்லி வேகவில்லை. உடம்பு தகரமில்லை, ஃபைபர்; தட்டினால் தண்ணீர்க் குடம் மாதிரிச் சத்தம் வரும். அதனால் நிர்மலாவுக்கு அதன் பெயர் குடம். “குடத்தக் கொஞ்சம் தள்ளுங்க, வாசல் கூட்டணும்.” அதற்குள் இறங்குவது, சைஸ் குறைந்த பனியனுக்குள் புகுவது போல. ஒரு காலை விட்டு, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியராஜ் மெல்ல மெல்ல உள்ளே போய்ச் சேர்வார்.

மக்கிப்போன கூரைக்கு லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம் போயிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் திருப்பூரில் இருந்துகொண்டு துணிக்கு வெளியே போவதா? கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டரைக் கூட்டிவந்து அளவெடுத்து, கனமான பனியன் துணியிலேயே தைத்து மாட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. தெருவே வந்து பார்த்தது. முதல் மழையில் அந்தக் கூரை தண்ணீரைக் குடித்துத் தொட்டிலாகத் தொங்கி, உள்ளே உட்கார்ந்திருந்தவர் தலைமேல் இறங்கியது. காய வைத்துப் பார்த்தால் கொக்கிக்கு ஒரு சாண் எட்டவில்லை. துவைத்தால் சுருங்குகிற துணியை லாட் லாட்டாகத் திருப்பி அனுப்புகிற மனிதர், அதைத் துவைத்துப் பார்க்காமலே தைத்திருக்கிறார். இரண்டு நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் தார்ப்பாய்க்காரரிடம் போனார்.

அடுத்து இடது கதவு. ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டார். நிறம்தான் பாக்கி. பெயிண்டைப் பெயிண்டோடு வைத்துப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை. வண்டியின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு டையிங் மாஸ்டர் அய்யூப்பிடம் போனார். அய்யூப் அதே சிவப்பில் ஒரு முழம் துணிக்குச் சாயம் ஏற்றிக் கொடுத்தார். இருவரும் மூடியையும் துணியையும் லைட் பாக்ஸுக்குள் வைத்தார்கள். விதவிதமான வெளிச்சத்தில் நிறம் பார்க்கிற பெட்டி அது. கை பழக்கத்தில் வெயிலுக்கான சுவிட்சை விட்டுவிட்டு, கடைகளில் எரிகிற டியூப் லைட்டுக்கான சுவிட்சை மட்டும் போட்டார்கள். மூடியும் துணியும் இரட்டைப் பிள்ளைகள். அந்தத் துணியைக் காட்டித்தான் கதவுக்குப் பெயிண்ட் கலந்தது. போர்ட்டிகோ டியூப் லைட்டில் வண்டி முழுக்க ஒரே சிவப்பு. வெயிலில் தள்ளினால் வண்டி பீட்ரூட், கதவு தக்காளி.

“என்ன பாய் இது?”

“லைட் பாக்ஸ்ல ஓகே ஆயிருச்சுல்ல? வெயிலுக்கு எதுக்குங்க கொண்டு போறீங்க?”

அன்றிலிருந்து வண்டி பகலில் கேட்டைத் தாண்டியதில்லை. எஞ்சின் சீறும், பிரேக் பிடிக்கும், ஹாரன் ஆட்டுக்குட்டி போலக் கத்தும். ஆனாலும் பாஸ் ஆகவில்லை.

இதில் சிக்கிக்கொண்டது நிர்மலாவின் மானம். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில், “வண்டி என்னாச்சு நிர்மலா?” என்று கேட்டுக் கேட்டே கொன்றார்கள். போன மாதம் அவர் வாயைவிட்டுவிட்டார். கோயில் திருவிழாவன்று, ஒம்பது மணிப் பூசைக்கு, நாங்கள் அதில்தான் வந்து இறங்குவோம் என்று.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஆரோக்கியராஜ் தணிந்த குரலில் ஆரம்பித்தார். “விடியக்காலப் பூசைக்குப் போயிருவோம்ளா. கூட்டம் இருக்காது.”

“கூட்டமில்லாத பூசைக்கு வண்டி எதுக்கு? நடந்தே போவலாம்.”

“கதவு மேஜர்ளா. மைனர்னா நானே கண்ண மூடிக்கிட மாட்டேனா?” செக்கிங்கில் மன்னிக்கக்கூடிய பழுது மைனர். பெட்டியையே திருப்பி அனுப்ப வைப்பது மேஜர்.

“இஞ்ச பாருங்க. நாளைக்குக் குடம் கெளம்பல, நான் ஆட்டோவுல போயிருவேன். வந்ததும் பழைய இரும்புக் கடை முனீஸுக்குப் போன் போடுவேன்.”

“அவன் எடுக்க மாட்டான். இதுல இரும்பே கெடையாது.”

“பிளாஸ்டிக் குடமும் எடுப்பாராம். கேட்டுட்டேன்.”

மறுநாள் காலை டீ டம்ளரோடு வந்தவர் அப்படியே நின்றார். வண்டியில் ஓர் அம்புகூட இல்லை. இறகு பிடுங்கிய கோழி போல அது வெறும் உடம்போடு நின்றுகொண்டிருந்தது. சட்டைப் பையைத் தடவினார். ரோலும் இல்லை.

“ஏளா!” தூத்துக்குடி முழுவேகத்தில் வந்துவிட்டது.

வேகமாக உள்ளே போனவரை அடுப்படிக் குழாய் நிறுத்தியது. சொட்டிச் சொட்டியே வாளியை நிரப்புகிற குழாய். அதன் மூக்கில் ஒரு மஞ்சள் அம்பு, அம்பின் நுனியில் ஒரு சொட்டு. அதற்குப் பிறகு அவருடைய கண் தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. ரப்பர் போன மிக்ஸி மூடியில் ஒன்று. ஆடுகிற பீரோக் கைப்பிடியில் ஒன்று. அடிக்காத காலிங் பெல்லில், சுற்றினால் நிற்காத ஃபேன் ரெகுலேட்டரில், இட்லிக் குண்டாவில். கடைசியாக, ஹேங்கரில் தொங்கிய அவருடைய பூசைச் சட்டையில், இரண்டாவது பொத்தான் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் குறிபார்த்து ஒன்று. எல்லாம் முனை பிசகாமல் ஒட்டியிருந்தன. இத்தனை சுத்தமான செக்கிங்கை அவர் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை.

பட்டுச் சேலையில், கண்ணாடி முன் பூ வைத்துக்கொண்டிருந்த நிர்மலா திரும்பாமலே கேட்டார். “இதுல எது மைனர், எது மேஜர்னு பிரிச்சுச் சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.”

ஆரோக்கியராஜ் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு சாவியை எடுத்தார்.

கோயில் வாசலில் அன்பியமே திரண்டுவிட்டது. கூரையை மடித்து வைக்கச் சொல்லியிருந்தார் நிர்மலா. பின்னே, உள்ளே யார் இருப்பது என்று எப்படித் தெரியும்? பெண்கள் முறை வைத்துச் செல்ஃபி எடுத்தார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஆரோக்கியராஜ் கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவர் கண்ணையும் பின்தொடர்ந்தார். கண்கள் ஹெட்லைட்டுக்குப் போயின, ஸ்டியரிங்குக்குப் போயின, நிர்மலாவின் சேலைக்குப் போயின. ஒன்பது மணி வெயிலில் பீட்ரூட்டும் தக்காளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு கண்கூட அங்கே நிற்கவில்லை. முதலில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு சந்தேகம். பிரசங்கம் முடிவதற்குள் அது துக்கமாகவே ஆகிவிட்டது.

“ஒருத்தருக்குக்கூடக் கண்ணு தெரியலியேளா,” என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பினார். “இம்புட்டுப் பெரிய ஷேடு வித்தியாசம். பச்சப்புள்ள சொல்லுமே!”

நிர்மலா காதில் வாங்கவில்லை. கதவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டு வந்தார்.

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா பொன்னாத்தாள் கேட்டைத் திறந்துவிட்டார். “அடடா, மகாராணியாட்டம் இருக்கறீங்க, கண்ணு!” என்று நிர்மலாவிடம் சொன்னவர், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் பார்த்தார். “ஏனுங் தம்பி, இந்தக் கதவு மட்டும் வேற வண்டிக் கதவாட்டம் இருக்குதுங்களே?”

ஆரோக்கியராஜின் முகம் மலர்ந்தது. “தெரியுதுங்களா? நெசமாவே தெரியுதுங்களா?”

எஞ்சினைக்கூட நிறுத்தாமல், வயிற்றை எக்க மறந்து, ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டு இறங்கினார். சட்டைப் பையைத் தடவினார். உள்ளே ஓடினார். அடுப்படிக் குழாயிலிருந்து அம்பை உரித்துக்கொண்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார். கதவில் ஒட்டினார். ஈரத்தில் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி ஒட்டினார்.

“கதவத் தொறங்க, நான் எறங்கணும்,” என்றார் உள்ளேயிருந்து நிர்மலா.

“பொறுளா, காயட்டும்.”

அம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் பொன்னாத்தாளை இன்னும் கிட்டே வரச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்.